நம் வீட்டுப் பழைய ரவுட்டர் யாருக்கெல்லாம் பதில் சொல்கிறது?

(நமது அறக்கட்டளையின் குடும்ப நலக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

தலைப்பைச் சொன்னதுமே பின்வரிசையில் இரண்டு பேர், "இது பிள்ளைகள் சமாச்சாரம்" என்று எழுந்திருக்கப் பார்த்தார்கள். கொஞ்சம் உட்காருங்கள். பிள்ளைகளுக்கு இன்டர்நெட் கிடைத்தால் போதும். பெட்டி எப்படி இருக்கிறது என்று அவர்கள் பார்ப்பதில்லை. அந்த இணைப்பு உங்கள் பெயரில் இருக்கிறது. பில் உங்கள் பெயரில் வருகிறது. நாளைக்கு ஏதாவது ஆனால் கேள்வியும் உங்களிடம்தான் வரும்.

முதலில் ஒரு தவறை ஒப்புக்கொண்டுவிட்டுத் தொடங்குகிறேன். விருதுநகர், திருத்தங்கல், சிவகாசி பக்கம் பல ஆண்டுகளாக கம்ப்யூட்டர், வைஃபை மாட்டும் வேலை செய்கிறேன். இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பலர் வீட்டுக்கு ரவுட்டர் மாட்டியவன் நான்தான். அன்றைக்கு வைஃபை பாஸ்வேர்ட் வைத்துக் கொடுத்தேன், போனில் யூடியூப் ஓடுகிறதா என்று பார்த்தேன், டீ குடித்துவிட்டு வந்துவிட்டேன். உள்ளே வேறு என்னென்ன திறந்திருக்கிறது என்று பார்க்கவில்லை.

இரண்டு மாதம் முன்பு பொறியியல் படிக்கும் என் அக்கா மகன் லீவுக்கு வந்திருந்தான். கல்லூரியில் நெட்வொர்க் பாடம் நடக்கிறதாம். "மாமா, உங்க வீட்டுப் பெட்டியைச் சோதிச்சுப் பாக்கட்டுமா?" என்று கேட்டான். பாரேன் என்றேன். எட்டு வருடப் பழைய ரவுட்டர். தன் மடிக்கணினியில் ஒரு கட்டளை அடித்தான். அதில் ஒரே ஒரு சொல்லைச் சேர்த்தான்: 'பப்ளிக்'. அவ்வளவுதான். ரவுட்டர் தன் மாடல் என்ன, உள்ளே இருக்கும் மென்பொருள் எந்தப் பதிப்பு, கடைசியாக எப்போது அணைந்து எரிந்தது, இதுவரை எவ்வளவு டேட்டா போய் வந்தது, வீட்டில் எத்தனை சாதனங்கள் இணைந்திருக்கின்றன, ஒவ்வொன்றின் எண் என்ன என்று வரிசையாகச் சொல்லத் தொடங்கியது. அட்மின் பாஸ்வேர்ட் அது கேட்கவே இல்லை.

அடுத்து 'பிரைவேட்' என்ற சொல்லைப் போட்டான். ரவுட்டருக்கு நான் வைத்திருந்த பெயர் மாறி அவன் பெயர் வந்து நின்றது. "மாமா, படிக்க மட்டும் இல்ல, மாத்தவும் முடியுது" என்றான். எனக்கு வேர்த்துவிட்டது. என் வீட்டுப் பெட்டிக்காக மட்டும் இல்லை. அதே மாதிரிப் பெட்டியை எத்தனை வீட்டில் மாட்டியிருக்கிறேன் என்று கணக்குப் போட்டேன்.

இது என்ன ஏற்பாடு என்று எளிமையாகச் சொல்கிறேன். இதன் பெயர் எஸ்.என்.எம்.பி. பெரிய அலுவலகங்களில், பல்கலைக்கழகங்களில் நூற்றுக்கணக்கான நெட்வொர்க் பெட்டிகள் இருக்கும். எது ஓடுகிறது, எது நின்றுவிட்டது என்று ஒவ்வொன்றாக நடந்து போய்ப் பார்க்க முடியாது. அதனால் 1988-ல் இந்த முறையை வகுத்தார்கள். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் பதில் சொல்ல ஒரு சிறிய நிரல் இருக்கும். கண்காணிக்கும் கம்ப்யூட்டர் கேள்வி அனுப்பும்; பெட்டி பதில் சொல்லும். கேட்பவர் நம் ஆள்தானா என்று அறிய ஒரு அடையாளச் சொல். படிப்பதற்கு ஒன்று, மாற்றுவதற்கு ஒன்று. தொழிற்சாலையிலிருந்து வரும்போது பெரும்பாலும் முதலாவது 'பப்ளிக்', இரண்டாவது 'பிரைவேட்'. இது உலகத்துக்கே தெரிந்த சொல். ஊரெல்லாம் ஒரே சாவி போட்ட பூட்டு மாதிரி.

இன்னொரு குறையும் உண்டு. இதன் பழைய பதிப்புகளான 1, 2 ஆகியவற்றில் அந்த அடையாளச் சொல் மறைக்கப்படாமல் அப்படியே போகிறது. வழியில் ஒட்டுக் கேட்பவன் படித்துவிடலாம். பெயரும் பாஸ்வேர்டும் கேட்டு, செய்தியையும் மறைத்து அனுப்பும் 3-வது பதிப்பு 2002-லேயே தரமாக வந்துவிட்டது. ஆனால் வீட்டுக்கு விற்ற மலிவான பழைய ரவுட்டர்கள் பலவற்றில் பழைய பதிப்பு மட்டுமே இருக்கிறது. நாம் அதைக் கேட்டு வாங்கவில்லை, பெட்டியோடு வந்தது. வீட்டில் யாரும் அதைப் பயன்படுத்துவதும் இல்லை.

"தெரிந்தால் தெரிந்துவிட்டுப் போகட்டும், நம் வீட்டில் என்ன புதையலா இருக்கிறது?" என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. பதில் சொல்கிறேன்.

வீட்டுக்குள் எத்தனை சாதனம் இருக்கிறது என்பதும், எந்த நேரத்தில் டேட்டா ஓடுகிறது, எந்த நேரத்தில் ஓடவில்லை என்பதும் வெளியாளுக்குத் தெரிய வேண்டிய விஷயமா? நான்கு நாள் டேட்டா ஓடாவிட்டால், வீட்டில் ஆள் இல்லை என்று சொல்லாமல் சொன்னதாகிவிடும். அடுத்த வீட்டுக்குள் ஸலாம் சொல்லி, அனுமதி கேட்டுத்தான் நுழைய வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். கேட்காமல் எட்டிப் பார்ப்பவனுக்கு நம் வீட்டுப் பெட்டியே விவரம் சொல்லிக்கொண்டிருந்தால் எப்படி?

அதைவிடப் பெரிய ஆபத்து உண்டு. 2014-ல் பாதுகாப்பு ஆராய்ச்சியாளர்கள் சில மாடல் பழைய மோடம்களைச் சோதித்தார்கள். இதே எஸ்.என்.எம்.பி. வழியாக, இதே 'பப்ளிக்' என்ற சொல்லைக் கொண்டே, வீட்டு வைஃபையின் பாஸ்வேர்டைப் படிக்க முடிந்தது என்று வெளியிட்டார்கள். 2017-ல் இன்னும் மோசம்: எந்தச் சொல்லைக் கொடுத்தாலும் சரி என்று ஏற்றுக்கொள்ளும் கேபிள் மோடம்கள் சில கண்டுபிடிக்கப்பட்டன. எல்லா ரவுட்டரும் அப்படி என்று நான் சொல்லவில்லை. நம் வீட்டில் இருப்பது எந்த வகை என்று சோதிக்காமல் நமக்குத் தெரியாது என்றுதான் சொல்கிறேன்.

வைஃபை பாஸ்வேர்ட் வெளியாள் கைக்குப் போனால் என்ன நடக்கும்? 2008 ஜூலை 26-ம் தேதி அகமதாபாத்தில் குண்டுகள் வெடிப்பதற்குச் சற்று முன்பு ஒரு மின்னஞ்சல் வந்தது. அது எங்கிருந்து வந்தது என்று தேடிய போலீஸ், நவி மும்பையில் வாடகைக்குக் குடியிருந்த ஒரு வெளிநாட்டவரின் வீட்டு இணைப்பில் போய் நின்றது. அவருக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. பூட்டாத அவருடைய வைஃபையை வேறு ஆட்கள் பயன்படுத்தியிருந்தார்கள். ஆனாலும் விசாரணை, வீட்டுச் சோதனை, பத்திரிகைச் செய்தி எல்லாம் அவருக்குத்தான். அதன்பிறகு 2009-ல் வைஃபை இணைப்புகளைப் பாதுகாப்பாக வைக்கும்படி தொலைத்தொடர்புத் துறை இணைய நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. அங்கே வைஃபையே திறந்து கிடந்தது. இங்கே பூட்டியிருக்கிறது, ஆனால் சாவி வெளியே தொங்குகிறது. இரண்டிலும் சுட்டப்படுவது நம் வீட்டு முகவரிதான். இதைக் கேட்டு யாரும் பயப்பட வேண்டாம். ஆனால் அப்படி ஒரு நாள் நம் வீட்டு வாசலில் வராமல் பார்த்துக்கொள்ள அரை மணி நேரம் செலவழிக்கலாம் அல்லவா?

நம் நாட்டிலேயே இன்னொரு பாடம். 2017 ஜூலை கடைசி வாரம் பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் மோடம்களை ஒரு மால்வேர் தாக்கியது. 'அட்மின்' என்று தொழிற்சாலை வைத்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்டிருந்த மோடம்கள்தான் அதில் மாட்டின. பலருக்கு இணைப்பே நின்றுபோனது. உடனே பாஸ்வேர்டை மாற்றுங்கள் என்று நிறுவனம் வாடிக்கையாளர்களுக்கு அறிவிப்புக் கொடுத்தது. அங்கே எஸ்.என்.எம்.பி. காரணம் இல்லை. ஆனால் நோய் ஒன்றுதான்: தொழிற்சாலைச் சொல்லை மாற்றாமல் விட்டது.

பிரேசில் நாட்டில் 2011-ல் சுமார் 45 லட்சம் மோடம்களில் புகுந்து டி.என்.எஸ். என்ற அமைப்பை மாற்றிவிட்டார்கள். டி.என்.எஸ். என்பது பெயரைக் கொடுத்தால் முகவரி சொல்லும் புத்தகம். அதை மாற்றிவிட்டால், நீங்கள் வங்கியின் பெயரைச் சரியாக அடித்தாலும் போலிப் பக்கம் வந்து நிற்கும். நம் ஊரில் காலண்டர் ஆர்டர் எடுப்பவர், பட்டாசுக் கடைக்குக் கணக்கு எழுதுபவர், ஜி.எஸ்.டி. தாக்கல் செய்பவர் பலரும் வீட்டு வைஃபையில்தான் வேலை பார்க்கிறார்கள். தீபாவளிக்கு முந்தைய மூன்று மாதம் கைமாறும் பணம் எல்லாம் அந்தச் சிறிய பெட்டி வழியாகத்தான் போகிறது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை அனுப்பும் பணத்தைப் பார்ப்பதும் அதில்தான்.

இனி என்ன செய்ய வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறேன். போனில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று. எதையும் மாற்றும் முன்பு ரவுட்டரின் அடியில் உள்ள ஸ்டிக்கரைப் போட்டோ எடுங்கள். இணைய நிறுவனம் கொடுத்த பயனர் பெயரும் பாஸ்வேர்டும் எங்கே எழுதியிருக்கிறது என்று பார்த்து வையுங்கள். இது இல்லாமல் கை வைத்தால் இன்டர்நெட் போய்விட்டது என்று இரவு பத்து மணிக்கு எனக்குப் போன் வரும்.

இரண்டு. வீட்டு வைஃபையில் இருந்தபடியே போனில் அல்லது கம்ப்யூட்டரில் பிரௌசரைத் திறந்து, ஸ்டிக்கரில் உள்ள முகவரியை அடியுங்கள். பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 ஆக இருக்கும். உள்ளே போனதும் முதல் வேலை, அட்மின் பாஸ்வேர்டை மாற்றுவது. வைஃபை பாஸ்வேர்ட் வேறு, அட்மின் பாஸ்வேர்ட் வேறு. இரண்டையும் ஒன்றாக வைக்காதீர்கள். வீட்டு நோட்டில் எழுதி பீரோவில் வையுங்கள். மறந்து போவதைவிட அது மேல்.

மூன்று. எஸ்.என்.எம்.பி. எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். 'மேனேஜ்மென்ட்', 'அட்வான்ஸ்டு', 'ஆக்சஸ் மேனேஜ்மென்ட்', 'மெயின்டனன்ஸ்' என்ற தலைப்புகளில் ஏதாவது ஒன்றின் கீழ் இருக்கும். கிடைத்தால் அணைத்துவிட்டு, சேமிக்கும் பட்டனை அழுத்துங்கள். வீட்டில் அது அணைந்திருப்பதால் யூடியூப் நிற்காது, வாட்ஸ்அப் நிற்காது. ஒன்றும் குறையாது.

நான்கு. சில பழைய ரவுட்டர்களில் எந்தச் சேவையை உள்ளிருந்து திறக்கலாம், எதை வெளியிலிருந்து திறக்கலாம் என்று ஒரு அட்டவணை இருக்கும். 'லேன்' என்றால் வீட்டுக்குள். 'வேன்' என்றால் வெளி உலகம். வேன் பக்கத்தில் எஸ்.என்.எம்.பி., டெல்நெட், எஃப்.டி.பி., வெப் என்று எது திறந்திருந்தாலும் அடையுங்கள். 'ரிமோட் மேனேஜ்மென்ட்' என்று தனியாக இருந்தால் அதையும் அணையுங்கள். பட்டன் அழுத்தி இணைக்கும் டபிள்யூ.பி.எஸ். வேண்டாம். 'டி.ஆர்.069' என்று ஒன்று இருந்தால் மட்டும் நீங்களாகத் தொடாதீர்கள். இணைய நிறுவனம் தன் பெட்டியைத் தூரத்திலிருந்து பராமரிக்க வைத்திருப்பது அது. அவர்களிடம் கேட்டுச் செய்யுங்கள்.

ஐந்து. கடை, அச்சகம் வைத்திருக்கும் சிலருக்குக் கண்காணிப்பு உண்மையிலேயே தேவைப்படலாம். அவர்கள் அணைக்க வேண்டாம். ஆனால் 'பப்ளிக்' என்பதை மாற்றி யாரும் ஊகிக்க முடியாத நீளமான சொல் வையுங்கள். மாற்றும் அனுமதியை முழுவதும் எடுத்துவிடுங்கள். கண்காணிக்கும் அந்த ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டும் பதில் சொல்லும்படி அமையுங்கள். 3-வது பதிப்பு இருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

ஆறு. வைஃபை பூட்டு டபிள்யூ.பி.ஏ.2 ஏ.இ.எஸ். அல்லது டபிள்யூ.பி.ஏ.3 ஆக இருக்கட்டும். டபிள்யூ.இ.பி. என்ற பழைய பூட்டு பூட்டே இல்லை. விருந்தாளிக்குத் தனி வைஃபை வைக்கும் வசதி இருந்தால் வையுங்கள். பட்டாசு ஆலையில் ஒரு அறைக்கும் அடுத்த அறைக்கும் இடைவெளி விட்டுத்தானே கட்டுகிறார்கள்? ஒன்றில் தீப்பிடித்தால் மற்றதுக்குப் போகக் கூடாது என்பதற்காக. இதுவும் அதே கணக்குத்தான்.

ஏழு. எல்லாம் முடிந்ததும் ரவுட்டரை அணைத்து எரியவிட்டு, மறுபடியும் உள்ளே போய்ப் பாருங்கள். சில பெட்டிகள் நாம் அணைத்ததைத் தானாகத் திறந்து வைத்திருக்கும். இன்னொன்று: கரண்ட் போய் வந்த பிறகு நெட் வரவில்லை என்றால், குண்டூசி எடுத்துப் பின்னால் உள்ள ரீசெட் ஓட்டையில் குத்தும் பழக்கம் நமக்கு உண்டு. அப்படிச் செய்த நொடியில் பெட்டி தொழிற்சாலை நிலைக்குப் போய்விடும். 'பப்ளிக்'கும் 'அட்மின்'னும் திரும்ப வந்துவிடும். ரீசெட் செய்தால் இந்த ஏழு வேலையும் மறுபடி முதலிலிருந்து என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

ஒரு சகோதரி சீட்டில் கேள்வி எழுதி அனுப்பியிருக்கிறார்: "எங்களுக்கு இப்போது ஃபைபர் இணைப்பு. வெளியாள் நேரடியாக எங்கள் பெட்டிக்கு வர முடியாது என்கிறார்களே?" பாதி சரி. இப்போது பல நிறுவனங்கள் பல வீடுகளை ஒரே வெளிமுகவரியின் பின்னால் வைக்கின்றன. அதனால் வெளியிலிருந்து உங்கள் பெட்டியை நேரடியாகத் தட்டுவது கடினம். ஆனால் வீட்டுக்குள் ஒரு போனில் கெட்ட செயலி புகுந்துவிட்டால் அது உள்ளிருந்தே கேட்கும். வைஃபை பாஸ்வேர்ட் வாங்கிய எந்த விருந்தாளியும் கேட்கலாம். அதனால் எந்த இணைப்பானாலும் அணைத்துவிடுவதே நல்லது.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. இதைக் கேட்டுவிட்டு அடுத்த வீட்டு ரவுட்டரில் 'பப்ளிக்' போட்டுப் பார்க்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். வேண்டாம். அனுமதி இல்லாமல் அடுத்தவர் சாதனத்துக்குள் போவது 2000-ம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி குற்றம். அடுத்த வீட்டு மானமும் நம்மிடம் உள்ள அமானிதம். கேட்டுவிட்டுச் சோதியுங்கள், சோதித்ததைச் சரி செய்து கொடுங்கள். என் அக்கா மகன் என்னிடம் கேட்டுவிட்டுத்தான் தொட்டான்.

எப்போது பெட்டியையே மாற்ற வேண்டும்? எஸ்.என்.எம்.பி.யை அணைக்கவோ சொல்லை மாற்றவோ வழியே இல்லை என்றால், டபிள்யூ.பி.ஏ.2 இல்லை என்றால், தயாரித்த நிறுவனம் மென்பொருள் புதுப்பிப்பு கொடுப்பதை நிறுத்திவிட்டது என்றால் மாற்றிவிடுங்கள். மோட்டார், ஃபேன் மாதிரி ஓடும்வரை ஓடட்டும் என்று விடக்கூடிய பொருள் இல்லை இது. பழையதை இரும்புக்கடையில் போடும் முன்பு மட்டும் அந்தக் குண்டூசி ரீசெட்டைக் கட்டாயம் செய்யுங்கள். இல்லாவிட்டால் உங்கள் பாஸ்வேர்டெல்லாம் பெட்டியோடு போய்விடும்.

இதையும் மீறி வங்கிப் பணம் போய்விட்டது, போலிப் பக்கத்தில் விவரம் கொடுத்துவிட்டோம் என்று தெரிந்தால், வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். 1930 என்ற எண் சைபர் மோசடிக்கான தேசிய உதவி எண். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம்.

போன வாரம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். கணவர் வஃபாத்தாகிவிட்டார். மகன் வெளிநாட்டில். அந்த அம்மா தனியாக இருக்கிறார். பெட்டி நான் மாட்டியது. பார்த்தேன், எஸ்.என்.எம்.பி. திறந்துதான் கிடந்தது. சரி செய்து முடிக்கப் பத்து நிமிடம் ஆனது. "என்ன தம்பி, ரிப்பேரா? நல்லாத்தானே ஓடிக்கிட்டு இருந்துச்சு" என்றார். "ஆமாம்மா, நல்லாத்தான் ஓடுச்சு. நான்தான் அன்னிக்கு வேலையை முடிக்காமப் போயிட்டேன்" என்றேன். "சரி, இப்ப முடிஞ்சிருச்சா?" என்று கேட்டார். முடிந்தது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இன்னும் முடியாத வீடுகள் பல இருக்கின்றன. அறக்கட்டளை அலுவலகத்தில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். பெயர், தெரு, ரவுட்டர் வாங்கிய வருடம் மட்டும் எழுதுங்கள். பாஸ்வேர்ட் எதையும் எழுத வேண்டாம். இன்ஷா அல்லாஹ், வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் இரண்டு மாணவர்களும் வருகிறோம். தனியாக இருக்கும் பெரியவர்கள் வீட்டிலிருந்து தொடங்குவோம். உங்கள் முன்னால் வைத்துத்தான் செய்வோம். புதிய பாஸ்வேர்டை நீங்களே அடித்துக்கொள்ளுங்கள், எங்களிடம் சொல்ல வேண்டாம். கட்டணம் கிடையாது. நான் மாட்டிய பெட்டிக்குக் கட்டணம் கேட்க எனக்கு வாய் வராது.